ஏழாவது ஸ்லைடில் ஒட்டகச்சிவிங்கி

வெற்றிச்செல்வி அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். ஆனால் அங்கே அவளுக்கு வாய்த்த உண்மையான வேலை பவர்பாயிண்ட் போடுவது. மாதம் பிறந்தால் ஆய்வுக் கூட்டம் வரும். எந்த ஊராட்சியில் எத்தனை தண்ணீர்த் தொட்டி, எத்தனை தெருவிளக்கு, எது முடிந்தது, எது இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று வரிவரியாக அடித்து ஸ்லைடாக்கிக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு அந்த வரிகளுக்கு அனிமேஷன் வைத்தாள். ஒவ்வொரு ஊராட்சியும் திரையின் ஓரத்திலிருந்து உருண்டு வந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு, தன் இடத்தில் நின்றது. கூட்டத்தில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"கட்டி முடிக்காத தொட்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு குஷி?"

அன்றோடு அனிமேஷனுக்குத் தடை. வரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து, அசையாமல், அரசாங்கத் தோரணையில் நின்றன. வெற்றிச்செல்வி தன் வித்தையை உள்ளுக்குள் போட்டு அடக்கி வைத்திருந்தாள்.

அவளுடைய வீடு செந்துறை சாலையில் முத்து நகரில் இருந்தது. கணவன் அறிவரசன் டவுனில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தான். முத்து நகர் குடியிருப்போர் சங்கம் பொங்கலுக்குப் பொங்கல் விழா எடுக்கும். உறியடி, கோலப்போட்டி எல்லாம் உண்டு. ஆனால் ஆட்கள் காத்திருப்பது மாலையில் நடக்கும் வினாடி வினாவுக்குத்தான், ஏனென்றால் அதற்கு மட்டும் சுழற்கோப்பை உண்டு. பெயர்தான் சுழற்கோப்பை. மூன்று வருடமாக அது சங்கச் செயலாளர் காசிநாதன் வீட்டிலிருந்து நகரவே இல்லை.

காசிநாதன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். விழாவில் ஓடும் புரொஜெக்டர் அவருடையது, லேப்டாப் அவருடையது, மைக் செட் அவர் மச்சான் அரங்கநாதனுடையது. இருவரும் ஒரே அணி. யார் கேள்வி தயாரித்தாலும் முன்கூட்டியே ஃபைலைக் காசிநாதனிடம் கொடுத்துவிட வேண்டும். ஏன் என்றால், "தமிழ் ஃபான்ட் வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா? மேடையில எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்து நின்னா மானம் போயிடும்" என்பார்.

போன வருடம் கேள்வி கேட்டவர் "இந்தியாவின்" என்று வாயெடுத்ததுமே காசிநாதன் பஸ்ஸரை அமுக்கி "கோதாவரி" என்றார். விடை சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. சாக்கடை அடைத்தாலும், டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும் முதலில் ஓடி வருபவர் அவர்தான். அந்த மனிதரிடம் போய் ஒரு கோப்பைக்காக எப்படிக் கேட்பது?

இந்த வருடம் அவரே வெற்றிச்செல்வியைத் தேடி வந்தார்.

"ஏம்மா, ஆபீஸ்ல பிபிடி எல்லாம் நீதானாமே போடுற. இந்தத் தடவை கேள்வி நீயே தயார் பண்ணிடேன்."

"பண்றேங்க சார்."

"நல்லா கலர்ஃபுல்லா இருக்கட்டும். ஃபைலை மட்டும் எங்கிட்ட முன்னாடியே குடுத்துடு. ஃபான்ட் பிரச்சன இருக்கு பாரு."

"குடுத்துடறேங்க சார்" என்று தலையாட்டினாள். அவர் தெரு முனை திரும்புவதற்குள் அவள் மனதில் திட்டம் பாதி உருவாகிவிட்டது.

போட்டியின் முறையை அவளே வகுத்தாள். பத்துக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஸ்லைடு, ஒவ்வொரு ஸ்லைடிலும் ஐந்து குறிப்புகள். குறிப்புகள் ஒவ்வொன்றாக வரும். முதல் குறிப்பிலேயே விடை சொன்னால் ஐம்பது மதிப்பெண், இரண்டாவதில் நாற்பது, இப்படிக் குறைந்து கடைசிக் குறிப்புக்குப் பத்து. தப்பாகச் சொன்னால் எவ்வளவு கிடைத்திருக்குமோ அவ்வளவும் கழியும், அந்தக் கேள்வியில் அந்த அணி மறுபடி பஸ்ஸரைத் தொடக் கூடாது. முதல் குறிப்புகளை வேண்டுமென்றே ஒன்றுக்கும் உதவாதவையாக எழுதினாள். "இது ஒரு மரம்." "இது ஓர் ஊர்." நேர்மையாக விளையாடுகிறவன் அதைப் பார்த்து பஸ்ஸரைத் தொட மாட்டான்.

அடுத்துதான் வித்தை. ஒரு ஸ்லைடைத் தயார் செய்யும்போது திரையில் எல்லா வரிகளும் ஒன்றாகத் தெரியும், அடியில் விடையும் தெரியும். ஓட்டிப் பார்த்தால்தான் எது முதலில் வரும், எது மறையும் என்பது விளங்கும். அவள் நான்கு ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்தாள். அவற்றில் சரியான விடையை அடியில் எழுதி, அதன்மேல் ஸ்லைடின் நிறத்திலேயே ஒரு பெட்டியைப் போட்டு மூடி, பெட்டியின்மேல் பொய்யான ஒரு விடையை எழுதினாள். ஸ்லைடு ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக அந்தப் பெட்டி யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும்படி அனிமேஷன் வைத்தாள். ஃபைலைத் திறந்து சும்மா பார்க்கிறவனுக்குப் பொய் தெரியும். முறையாக ஓட்டிப் பார்ப்பவனுக்கு மட்டும் நிஜம் தெரியும்.

ஓட்டிப் பார்த்துவிட்டால்? அதற்கும் வழி செய்தாள். குறிப்புகள் சொல் சொல்லாக, கல்யாணப் பெண் நடந்து வருவது போல வரும்படி வேகத்தைக் குறைத்தாள். ஒரு வரி வந்து முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். முதல் மூன்று ஸ்லைடுகளில் பொய் எதுவும் வைக்கவில்லை. அதற்குமேல் பொறுமையாகக் கிளிக் செய்து பார்க்கிற ஆள் காசிநாதன் இல்லை என்பது அவள் கணிப்பு.

நான்காவது ஸ்லைடில் சிமெண்ட் என்ற விடையை மூடி, அதன்மேல் "அரிசிக் கோலமாவு" என்று எழுதினாள். ஏழாவதில் கரைவெட்டி ஏரிக்கு வலசை வரும் வரித்தலை வாத்தை மறைத்து, சற்று யோசித்து, "ஒட்டகச்சிவிங்கி" என்று எழுதிவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தாள். எட்டிலும் ஒன்பதிலும் இப்படியே செய்தாள். பத்தாவதற்கும் ஒன்று வைக்கலாம் என்று இருந்தபோது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போனவள் அந்த ஸ்லைடை அப்படியே விட்டுவிட்டாள்.

பென் டிரைவைக் கொடுத்த மறுநாள் காசிநாதன் பால் வாங்க வந்த இடத்தில் அவளை நிறுத்தினார்.

"ஃபான்ட் எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா எழுத்து என்ன இவ்வளவு மெதுவா வருது? ரெண்டு ஸ்லைடு ஓட்டினேன், கொட்டாவி வந்துடுச்சு."

"வேகமா வர மாதிரி மாத்திடவாங்க சார்?"

"வேணாம் வேணாம்" என்றார் அவசரமாக. "இனிமே ஒண்ணும் தொடாத. அப்படியே இருக்கட்டும்."

விழா அன்று மாலை சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. மேடையில் மூன்று மேசைகள், மூன்று பஸ்ஸர்கள். முதல் மேசையில் காசிநாதனும் அரங்கநாதனும். இஸ்திரி போட்ட சட்டையில் காசிநாதன் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மேசையில் அறிவரசனும் அவன் கடைப் பங்காளி சரத்குமாரும். மூன்றாவது மேசையில், பெரம்பலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கும் சுமதி. அவளோடு சேர வேண்டிய தோழிக்குக் காய்ச்சல் என்பதால், டிபன் கடை பொன்னாயியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பொன்னாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த பஸ்ஸரை அடுப்புக் குமிழைத் தொடுவது போல ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

வெற்றிச்செல்வி காசிநாதனின் லேப்டாப்பின் முன்னால் நின்று விதிகளைச் சொன்னாள். பிறகு கிளிக் செய்தாள்.

இது... ஒரு... மரம்.

வரி முழுதாக வந்து நிற்பதற்கு முன்பே காசிநாதனின் பஸ்ஸர் அலறியது.

"பனை மரம்."

விடை திரையின் உச்சியிலிருந்து விழுந்து, இரண்டு முறை துள்ளி நின்றது. பனை. ஐம்பது மதிப்பெண். பின்வரிசையில் யாரோ, "எத்தனையோ மரம் இருக்க, கரெக்டா பனைன்னு எப்படித்தான் சொல்றாரோ" என்றார். அதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். காசிநாதன் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஸ்லைடு. இது... ஓர்... ஊர்.

இந்த முறை முந்திக்கொண்டது அறிவரசன். "பாடாலூர்" என்றான்.

சரி. ஐம்பது. வெற்றிச்செல்விக்கு உள்ளுக்குள் பூரித்துப்போயிற்று. பாடாலூர் அவள் பிறந்த ஊர். கேள்வி கேட்பது தன் பெண்டாட்டி, ஊர் என்றால் அவள் ஊரைத்தான் போட்டிருப்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான், பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவதைக் காசிநாதன் எடுத்தார். அவர் கணக்கில் நூறு.

நான்காவது ஸ்லைடு.

இது... ஒரு... பொடி.

வெற்றிச்செல்வி காசிநாதனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸர் அடித்தது பக்கத்து மேசையில்.

"கோலமாவு" என்றான் அறிவரசன்.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பொடி என்றால் மிளகாய்ப்பொடி இருக்கிறது, மூக்குப்பொடி இருக்கிறது, பல்பொடி இருக்கிறது. சிமெண்ட் லாரி ஓடி ஓடி வாசலும் இலையும் வெளுத்துக் கிடக்கும் இந்த ஊரில் எவனுக்கும் முதலில் நினைவு வருவது சிமெண்ட். கோலமாவு என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு. போன வாரம் வீட்டில் அவள் குளிக்கப் போனபோது அவளுடைய லேப்டாப் மேசைமேல் திறந்தபடி இருந்ததும், திரும்பி வந்தபோது அறிவரசன் அதன் பக்கத்தில் நின்று செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தன.

வலை விரித்தது ஒரு மீனுக்கு. துள்ளிக்கொண்டு வந்து விழுந்தது வீட்டு மீன்.

"தப்பு" என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. "ஐம்பது கழியுது."

அறிவரசன் வாயைத் திறந்து, மூடினான். சரத்குமார் அவன் தொடையைக் கிள்ளினான். அதற்குள் முதல் மேசை பஸ்ஸர் அடித்தது. காசிநாதன் எழுந்தே நின்றுவிட்டார். எதிரி தவறிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும் திருப்தி முகத்தில் தெரிந்தது.

"அரிசிக் கோலமாவு" என்றார், 'அரிசி'யை அழுத்தி.

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது.

"சார், கோலமாவு தப்புன்னு இப்பதாங்க சொன்னேன்."

"அவர் மொட்டையா சொன்னாரும்மா. நான் முழுசா சொல்றேன். அரிசிக் கோலமாவு."

"அதுவும் தப்புங்க சார்."

காசிநாதன் உட்காரவில்லை. தன் சொந்த லேப்டாப்பைக் கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அரங்கநாதன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மற்ற குறிப்புகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. சுமதி கையை நீட்டும்போதெல்லாம் பொன்னாயி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, முழுசா வரட்டும். யாரு பின்னாடி தொரத்துறா?"

ஐந்தாவது குறிப்பு, தண்ணீர் ஊற்றினால் கல்லாகும் என்றது. சுமதி "சிமெண்ட்" என்றாள். பத்து மதிப்பெண். மேலிருந்து சிமெண்ட் விழுந்து துள்ளியபோது கூடமே கைதட்டியது.

அடுத்த கேள்விக்குக் காசிநாதன் பஸ்ஸர் பக்கமே போகவில்லை. மச்சான் காதில் ஏதோ சொன்னார், மச்சான் தலையாட்டினார், இவர் தலையாட்டவில்லை. குறிப்புகள் எல்லாம் வந்து முடிந்து சுமதி இன்னொரு பத்தை எடுத்தாள். அந்த விடை காசிநாதன் மனப்பாடம் செய்திருந்த அதே விடை. அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். ஆறாவதில் துணிந்து இரண்டாவது குறிப்பிலேயே அமுக்கினார். சரியாக இருந்தது. நாற்பது. நான்காவது ஸ்லைடில் மட்டும்தான் ஏதோ கோளாறு என்று முடிவுக்கு வந்துவிட்டார் என்பது அவர் சாய்ந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

ஏழாவது ஸ்லைடு.

வெளியூரிலிருந்து... நம்... மாவட்டத்துக்கு... வரும்.

பஸ்ஸர் அடித்தது. அடித்த பிறகுதான் காசிநாதன் தான் சொல்லப்போவதை யோசித்தார் போலிருக்கிறது. வாய் பாதி திறந்து நின்றது. அரங்கநாதன் மெதுவாக, "வேணாம் மச்சான்" என்றார். மைக் அவர் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

"நேரம் ஓடுதுங்க சார்" என்றாள் வெற்றிச்செல்வி.

காசிநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒட்டகச்சிவிங்கி."

முதலில் பேசியது பொன்னாயி. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நம்ம மாவட்டத்துக்கா? எந்த பஸ்ல வருது? கழுத்து உள்ள அடங்காதே."

கூடம் வெடித்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் குலுங்கின. காசிநாதன் முகம் சிவந்து எழுந்தார்.

"இதுல என்ன சிரிப்பு? ஏழாவதுக்கு அதானே விடை, நான் நல்லா..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் 'ஏழாவதுக்கு அதானே விடை' என்பது மச்சானின் மைக் வழியாகப் போய், மச்சானின் ஸ்பீக்கர்கள் வழியாக வெளியே வந்து, தெரு முனை வரை கேட்டுவிட்டது. முதலில் சிரித்தவர்கள் நாலு பேருக்கு விளக்கினார்கள். அந்த நாலு பேர் மறுபடி சிரித்தார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த காசிநாதனின் மனைவி வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் தோள்கள் மட்டும் ஆடின.

வெற்றிச்செல்வி "ஐம்பது கழியுது" என்று மட்டும் சொல்லி, அடுத்த குறிப்புக்குக் கிளிக் செய்தாள். அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. ஆனால் இரண்டாவது மேசையைப் பார்க்காமல் இருக்க அவள் கழுத்தை ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏழாவதையும் எட்டாவதையும் சுமதி கடைசிக் குறிப்பில் எடுத்து, இரண்டு பத்துகள் சேர்த்தாள். ஒன்பதாவது கேள்வியில்தான் வெற்றிச்செல்வி அந்தப் பக்கம் திரும்பினாள். மூன்று குறிப்புகள் வந்திருந்தன. சாப்பிடலாம், மரத்தில் காய்க்கும், கொட்டை பழத்துக்கு வெளியே தொங்கும். அறிவரசனின் பஸ்ஸர் மெதுவாக அடித்தது.

"முந்திரி" என்றான், அவளைப் பார்க்காமல்.

ஃபைலில் அந்த ஸ்லைடில் தெரிந்த விடை சின்ன வெங்காயம். முந்திரி அவனாக யோசித்துச் சொன்னது. முந்திரி விளையும் மீன்சுருட்டி ஊர்க்காரனுக்கு அது தெரியாமலா போகும். "சரி, முப்பது" என்றாள். அவள் குரலில் கரகரப்பு குறைந்திருந்தது.

கடைசிக் கேள்விக்கு முன்னால் காசிநாதனிடம் நாற்பது, சுமதியிடம் நாற்பது, அறிவரசனிடம் முப்பது. கூடத்தில் சலசலப்பு அடங்கியது.

இது... ஓடும்.

காசிநாதனின் கை பஸ்ஸருக்கு மேலே வந்து நின்றது. இறங்கவில்லை. அவர் மனப்பாடம் செய்திருந்த விடை அவருக்குத் தெரியும். அது நிஜமா, இன்னொரு ஒட்டகச்சிவிங்கியா என்பதுதான் தெரியாது. ஓடுவது பஸ்ஸும்தான், நாயும்தான், கடிகாரமும்தான்.

சில... மாதம்... ஓடாது.

"அமுக்கு மச்சான்" என்றார் அரங்கநாதன்.

"நீ சும்மா இருடா."

குறிப்புகள் ஒவ்வொரு சொல்லாக நடந்து வந்தன. ஒவ்வொன்றும் அவர் விடைக்குப் பொருந்திற்று. பொருந்தப் பொருந்த அவருக்குச் சந்தேகம் கூடியது. நான்காவது குறிப்பில் அணைக்கரைப் பாலம் வந்தபோது அவர் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. வெற்றிச்செல்வியின் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆய்வுக் கூட்டங்களில் பழகிய முகம் அது. ஐந்தாவது குறிப்பு முழுதாக வந்து நின்றதும் பொன்னாயி சுமதியின் கையை விட்டாள்.

"கொள்ளிடம்" என்றாள் சுமதி.

கொள்ளிடம் மேலிருந்து விழுந்து துள்ளியது. காசிநாதன் நாற்காலியில் சரிந்தார். அவர் மனப்பாடம் செய்திருந்ததும் கொள்ளிடம்தான்.

ஐந்து முறையும் கடைசிக் குறிப்பு வரை காத்திருந்து, ஐந்து பத்துகளாகச் சேர்த்த ஐம்பதோடு சுமதியும் பொன்னாயியும் ஜெயித்தார்கள். முத்து நகரில் இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணுக்குக் கோப்பை போனதில்லை. கோப்பை எங்கே என்று தேடினால் மேடையில் இல்லை. தூக்கிக்கொண்டு வருவானேன், திரும்பத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று காசிநாதன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வளர்மதிதான் போய் எடுத்து வந்தார். அதற்குள் கிடந்த பால்காரன் அட்டை, ரப்பர் பேண்டு, உடைந்த சாவி எல்லாவற்றையும் மேடையிலேயே கொட்டிவிட்டு, முந்தானையால் ஒரு துடை துடைத்து, பொன்னாயி கையில் கொடுத்தார்.

நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் காசிநாதன் வெற்றிச்செல்வியிடம் வந்தார்.

"ஃபைலை மாத்திட்டியாம்மா?"

"இல்லைங்க சார். உங்க லேப்டாப்ல, உங்ககிட்ட குடுத்த அதே ஃபைல்தான் ஓடுச்சு."

"இல்ல, அதுல ஒரு பிழை..."

"எந்த ஸ்லைடுலங்க சார்? சொல்லுங்க, திருத்திடறேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் மிக மரியாதையாக அவரைப் பார்த்தாள். கடைசியில் அவர் உதட்டோரம் தானாகவே வளைந்தது.

"ஒட்டகச்சிவிங்கி கொஞ்சம் ஓவரும்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

"மன்னிச்சுக்குங்க சார். ஒரு வேகத்துல எழுதிட்டேன்."

அவர் போன பிறகு வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு நாளா எங்க வூட்ல இதே பாடம் செல்வி. நாலு கோலமாவு, ஏழு ஒட்டகச்சிவிங்கின்னு நடந்துக்கிட்டே சொல்றாரு. என்னைய வேற கேள்வி கேக்கச் சொல்றாரு. ஏங்க, இது சரியா இருக்குமான்னு கேட்டேன். கவர்மெண்ட் ஆபீஸ்ல வேல பாக்குற பொண்ணு, தப்பா எழுதுமான்னாரு."

வீட்டுக்கு நடந்து போகும்போது அறிவரசன் இரண்டு அடி பின்னால் வந்தான். வழியெல்லாம் வாசல்களில் காலையில் போட்ட கோலங்கள் கலையாமல் கிடந்தன. அதைப் பார்க்க வேண்டாம் என்று அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

"எதுக்குப் பாத்தீங்க?" என்றாள்.

"அந்த ஆளை ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அவரு எப்படியும் பாத்துட்டுதான் வருவாரு. நான் பாக்கலைன்னா எப்படி ஜெயிக்கிறது?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்" என்றான். எட்டி நடந்து அவள் பக்கத்தில் வந்தான். பிறகு, "அந்த வல எனக்கு வச்சதா, அவருக்கு வச்சதா?"

அவருக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "ரெண்டு பேருக்கும்" என்றாள், முன்னால் பார்த்துக்கொண்டே. அவன் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. இனிமேல் இந்த வீட்டில் லேப்டாப் திறந்து கிடந்தாலும் பாதுகாப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கோலமாவு தப்புன்னு நான் சொன்னப்ப என்ன நெனச்சீங்க?"

"நெசமா சொல்லவா?"

"சொல்லுங்க."

"நீதான் விடைய மறந்துட்டியோன்னு நெனச்சேன். பாவம், ஊர் முன்னாடி பதட்டத்துல தப்பா சொல்லிட்டா, இப்ப எந்திரிச்சு சொன்னா உனக்கு அசிங்கமாயிடும், சரி போகட்டும்னு விட்டுக்குடுத்தேன்."

வெற்றிச்செல்விக்கு நடக்க முடியவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் முதலில் ரோஷமாக நின்றான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டு கேட்டுக்குள்ளிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"விட்டுக்குடுத்தீங்களா?" என்றாள் மூச்சு வாங்க. "அப்ப இன்னும் ஒரு வாரத்துக்கு கல்லுல தோசையும் நீங்களே விட்டுக்குடுங்க."

"எத்தன தோசை?"

"முதல்ல மாவை எடுத்து வையுங்க. குறிப்பு ஒண்ணொண்ணா சொல்றேன்."